நுவோ யார்?

என் முழுப் பெயர் தியாகராஜன் ஏ/எல் முத்துசாமி. 'ஏ/எல்' என்பது 'அனாக் லெலாக்கி'. மலாய் மொழியில் மகன் என்று அர்த்தம். மலேசியத் தமிழன் ஒவ்வொருவனும் இந்த இரண்டு எழுத்தை அடையாளக் கார்டில் சுமந்துகொண்டு அலைகிறான். குடும்பப் பெயர் கேட்கிற நாட்டுக்குப் போனால் தொலைந்தோம். ஒருமுறை வெளிநாட்டு விமான நிலையத்தில் 'மிஸ்டர் ஏஎல்' என்று மூன்று தடவை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். யாரோ ஏஎல் என்பவன் பொறுப்பில்லாமல் சுற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். விமானம் போய்விட்டது.

அப்படிப்பட்ட என் வீட்டுக் கல்யாணத்துக்குக் குறுக்கே ஒரு குடும்பப் பெயர் வந்து நிற்கும் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன்?

மகள் கவின்மலர் பல் மருத்துவர். அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட வெய் ஜியே பினாங்குத் துறைமுகத்தில் பொறியாளன். நான்கு வருடப் பழக்கம். எனக்கு அந்தப் பையனைப் பிடிக்கும். பொய் சொல்ல வராதவன். என் மனைவி வைக்கிற மீன் குழம்பை வியர்த்து வழிய வழிய இரண்டு தட்டு சாப்பிடுகிறவன். அவனுடைய அப்பா நுவோ பெங் சூன், குலச்சங்கத் தலைவர். கடலுக்குள் கால் நட்டு நிற்கும் பலகை வீடுகளில் இருக்கும் நானூறு நுவோ குடும்பங்களுக்கும் அவர் சொன்னால் சொன்னதுதான். ஊரே அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடும். பெண் தமிழச்சி என்பதில் தவுக்கேவுக்கு எந்த வருத்தமும் இல்லை. என் மனைவியைப் பார்த்த அன்றுதான் அவர் முகம் மாறியது.

என் மனைவி அமுதவல்லி கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பாள். கோபம் வந்தால் தோட்டத்துத் தமிழில் ஆளைக் கிழித்துத் தொங்கவிடுவாள். முகம் மட்டும் சீன முகம். சீனக் குடும்பங்கள் பெண் குழந்தையைத் தமிழர்களிடம் தத்துக் கொடுப்பது இந்த நாட்டில் பழைய வழக்கம். அந்த வழக்கம் ஏறக்குறைய ஓய்ந்துபோன காலத்தில் பிறந்தும் அமுதாவுக்கு அதுதான் நடந்தது. கொடுத்தவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி அவள் பேசவும் மாட்டாள்.

தவுக்கே எங்களைச் சங்க மண்டபத்தில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார். அவர் பேசியது மலாய். நம் வசதிக்கு நான் தமிழில் எழுதுகிறேன்.

"உங்க மனைவி பிறந்த வீட்டுக் குடும்பப் பேர் என்ன?"

"தெரியாது தவுக்கே."

"அதுதான் என் பயம். அவங்களைத் தோட்டத்துக்குக் கொடுத்த அதே வருஷம் எங்க வீடுகள்ல தீ பிடிச்சது. மூணு பெண் குழந்தைகளை நாங்களும் கெடா தோட்டத்துக்குக் கொடுத்தோம். அதுல ஒண்ணா இருந்துட்டா? ஒரே குடும்பப் பேர் உள்ளவங்க கல்யாணம் பண்ணக்கூடாது. நூறு தலைமுறை போனாலும் அண்ணன் தங்கச்சிதான்."

"பிள்ளைக்கு அப்பா பேர்தானே தவுக்கே? என் மகள் எப்படி நுவோ ஆவா?"

"அப்பாவுக்குக் குடும்பப் பேர் இல்லேன்னா பிள்ளை அம்மா பேரைச் சேரும். அது சங்கத்து விதி. உங்களுக்குத்தான் குடும்பப் பேர் இல்லையே?"

"முத்துசாமி இருக்கே!"

"அது உங்க அப்பா. உங்க மகளுக்கு அந்த இடத்துல நீங்க வந்துட்டீங்க. தலைமுறைக்குத் தலைமுறை மாறுறது எப்படிக் குடும்பப் பேர் ஆகும்?"

ஐம்பத்தெட்டு வயதில், மகளுக்குக் கொடுக்க ஒரு குடும்பப் பெயர் இல்லாத தகப்பனாக அந்த நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தேன்.

"அப்படி என்னதான் இருக்கு அந்தப் பேர்ல?" என்று அமுதா கேட்டாள்.

அவள் சண்டைக்குக் கேட்டாள். தவுக்கே மரியாதையாகப் பதில் சொன்னார். "நுவோங்கிறது ஒரு நாடும்மா. ரெண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தி சீனத்துப் பேரரசர் ஒரு சிற்றரசருக்குக் கொடுத்த சின்ன நாடு. குதிரையில ஒரே நாள்ல சுத்தி வந்துடலாம். பக்கத்துப் பெரிய நாட்டுக்காரன் வந்து அதை விழுங்கிட்டான். சிற்றரசர் ஓடல. 'நுவோ யார்?'னு எதிரி கேட்டப்ப முன்னால வந்து நின்னு உயிரைக் கொடுத்தார். அவர் பிள்ளைங்க தப்பிச்சுப் போய் அந்த நாட்டுப் பேரையே குடும்பப் பேரா வச்சுக்கிட்டாங்க. மண் போயிடுச்சு, பேர் மிச்சம். நாங்க எல்லாரும் அவர் பிள்ளைங்க."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும் கொஞ்சம் மனம் உருகிப்போய்விட்டது. அந்த உருக்கத்தில்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைச் சொல்லித் தொலைத்தேன்.

"எங்க நிலையத்துல பார்த்துடலாம் தவுக்கே."

ஜார்ஜ்டவுனில் இருக்கும் முன்கண் நிலையத்தில் நான் மூத்த இயந்திர இயக்குநர். முன்கண் என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து தலைக்கவசத்தை மாட்டினால் உங்கள் அப்பா, அவருடைய அப்பா, அவருடைய அப்பா என்று தகப்பன் வழியே பின்னால் போய், அந்த வரிசையில் நாங்கள் குறிக்கிற காலத்தில் வாழ்ந்த ஒருவருடைய கண்ணுக்குள் போய் நிற்பீர்கள். அவர் பார்த்ததைப் பார்க்கலாம், கேட்டதைக் கேட்கலாம். கனவில் பேசுகிறவர்கள் என்ன மொழியில் பேசினாலும் நமக்குப் புரிகிற மாதிரி, பேச்சு புரியும். அவர் மனதில் நினைத்தது மட்டும் வராது.

அன்றைக்குத் தவுக்கேவுக்கு இதையெல்லாம் சொன்னேன்.

"எந்த நாளை வேணும்னாலும் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"இல்ல தவுக்கே. அந்த ஆள் உயிர்ப் பயத்துல இருந்த நாள் மட்டும்தான் கிடைக்கும். பயம் தொடங்குன இடத்துலேருந்து ஏறக்குறைய அரை மணி நேரம். சாதாரண நாள் எதுவும் வராது. ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியல. அதோட, ஒருத்தர் வாழ்நாள்ல ஒரு தடவைதான் உட்காரலாம். ரெண்டாவது தடவை உட்கார்ந்தா பார்வை போயிடும்."

"அந்த நாள் எங்களுக்குப் போதும். நான் உட்கார்றேன், சிற்றரசர் கண்ணால பார்க்கிறேன். அப்புறம் அதே காலத்துக்கு உங்க மனைவி போகட்டும். அவங்க வேற எங்கேயாவது, வேற யார் கண்ணுலயாவது போய் நின்னா, அடுத்த மாசமே கல்யாணம்."

சட்டப்படி அவர் சம்மதம் யாருக்கும் தேவையில்லை. ஆனால் வெய் ஜியே என்னிடம் முதலிலேயே சொல்லிவிட்டான்: "அப்பா தலையாட்டாம என்னால முடியாது அங்கிள்." கவின்மலரும் அவனை இழுக்கவில்லை. "அவங்க அப்பாவை வெட்டிட்டு வந்தான்னா எனக்குப் பாதி ஆளுதான்பா கிடைப்பான்" என்றாள். ஆக, என் மகளின் கல்யாணம் என் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது.

தவுக்கே சனிக்கிழமை காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஊதுபத்திக் கட்டு. நிலையத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லை என்று சொல்லி வாங்கி வைத்தேன். அமுதாவும் நானும் மட்டும் உள்ளே இருந்தோம். பிள்ளைகள் வெளியே, கூடத்தில்.

உட்கார்ந்தவர்கள் பேசலாம். அவர் பேசிக்கொண்டே போனார்.

"வைக்கோல் தெரியுது... குதிரை லாயம். யாரோ, 'ஏய் குதிரைக்காரா, எழுந்து வா'ங்கிறான். யாரைச் சொல்றான்? நடக்கிறோம். பெரிய மண்டபம். தரை தெரியுது. தரைதான் தெரியுது. தியாகு, ஏன் தரையே தெரியுது? ரெண்டு காலு... பட்டுச் செருப்பு போட்ட காலு. இது யாரோட காலு?"

எனக்குப் புரிந்துவிட்டது. அமுதாவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்திருந்தது. சிற்றரசனின் கண் எப்படிச் சிற்றரசனின் செருப்பைத் தரையிலிருந்து பார்க்கும்? விழுந்து கும்பிடுகிறவன்தான் அப்படிப் பார்ப்பான். நிறுத்திவிடலாம் என்று கை போனது. பாதியில் நிறுத்தினால் கண் போய்விடும். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

"எழுந்திருங்கிறார். முகம் பார்த்துட்டேன்... அவர்தான். தாடி. அவர் தன் மேலங்கியைக் கழட்டி எனக்குப் போட்டு விடறார். இடுப்புப் பட்டையைக் கட்டறார். அவர் கையாலேயே! 'இன்னைக்கிலேருந்து நீ நுவோ. உன் பிள்ளைங்களும் நுவோ'ங்கிறார். மூச்சு விட முடியல. கண்ணெல்லாம் தண்ணி. என் கண்ணா அவன் கண்ணா தெரியல. எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும் மண்டபத்துல நிக்கிறேன். கதவை உடைக்கிறாங்க. ஈட்டி... 'நுவோ யார்?'னு கேட்கிறான். நான் சொன்னேன். 'நான்தான் நுவோ'ன்னு சொன்னேன்."

பத்தொன்பதாவது நிமிடத்தில் திரையில் கோடு படுத்துவிட்டது. அந்தக் கண் மூடிவிட்டது என்று அர்த்தம்.

தலைக்கவசத்தைக் கழற்றியபோது தவுக்கே என் கையைப் பிடித்துக்கொண்டார். பெருமையும் குழப்பமும் அந்த முகத்தில் ஒன்றாக இருந்தன. "அவர் எங்களைத் தத்து எடுத்துக்கிட்டார் போல" என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கடைசியில், "உங்க மனைவி உட்காரட்டும்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அமுதா என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். "நான் எவளோ எவனோ, தெரிஞ்சிட்டுப் போகட்டும்ங்க. பொண்ணு வெளிய உட்கார்ந்திருக்கா."

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தெட்டு நிமிடம் கல் மாதிரி இருந்தாள். முடிந்து கண்ணைத் திறந்தவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை, தவுக்கேவைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லும்மா" என்றார் அவர்.

"மேலங்கியைக் கழட்டிப் போட்டுவிட்டது நான்தான் தவுக்கே. உங்க ஆளுக்கு."

தவுக்கே குனிந்து தரையைப் பார்த்தார்.

"சிற்றரசரு கண்ணுல இருந்தேன். உங்க ஆளை மண்டபத்துல நிறுத்திட்டு, அந்த ஆளு கழட்டிப் போட்ட அழுக்குத் துணிய எடுத்துச் சிற்றரசரு உடுத்திக்கிட்டாரு. பின்வாசல் வழியா போயி உப்பு மூட்டை தூக்குறவங்களோட கலந்துட்டாரு. ஒருத்தன் பேரு என்னன்னு கேட்டான். பேரு இல்லன்னு சொன்னாரு. உள்ள உங்க ஆளு கத்துனது கேட்டுச்சு. 'நான்தான் நுவோ'ன்னு. ஒரு தடவ திரும்பிப் பார்த்தாரு. அப்புறம் மூட்டையத் தூக்கிட்டாரு."

நானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். சிற்றரசன் பெயரில்லாமல் ஓடிப்போய் எங்கோ பிள்ளை பெற்று, அந்த வரிசை நூறு தகப்பன்களைத் தாண்டி, கெடாவில் ஒரு தமிழ் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறது. நானூறு குடும்பங்கள் கும்பிடும் நுவோ வரிசையோ அவருடைய குதிரைக்காரனுடையது. நுவோ வீட்டு ஆட்களை எதிரி தேடி வருவான் என்று தெரிந்து, அந்தப் பெயரைக் கழற்றி அவன் தலையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இவர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாயிரத்து அறுநூறு வருடமாக விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டேன். நான் பெண்ணைப் பெற்றவன். "தவுக்கே, அப்ப ரெண்டு பக்கமும் ஒரே ரத்தம் இல்லையே. கல்யாணத்துக்கு என்ன தடை?"

அவர் நிமிர்ந்தார். பத்து நிமிடத்தில் பத்து வயது கூடிப்போன மாதிரி இருந்தார். ஆனால் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"உங்க மனைவி அவரோட சொந்த ரத்தம். அவங்க நுவோ இல்லேன்னா வேற யாரு நுவோ? அப்ப உங்க மகளும் நுவோ."

"நீங்க இல்லையே!"

"என் ஆள் அந்தப் பேரைச் சொல்லித்தான் செத்தான் தியாகு. நான் அவன் வாய்க்குள்ள இருந்தேன். குரல்ல பயமே இல்ல. அவ்வளவு சந்தோஷமா சொன்னான். அவன் நுவோ இல்லேன்னு இப்ப நான் எப்படிச் சொல்றது? சொன்னா அவன் எதுக்குச் செத்தான்?"

அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

திடீரென்று தவுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமுதாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு வழி இருக்கும்மா. அவனுக்கு அதுக்கு முந்தி ஒரு பேர் இருந்திருக்கும். அவன் அம்மா வச்ச பேர். எனக்கு அது தெரியல. அவனுக்குள்ளேயே இருந்தும் தெரியல. தன் பேரை யாரு தனக்குத்தானே சொல்லிக்கிறாங்க? எல்லாரும் ஏய், குதிரைக்காரான்னுதான் கூப்பிட்டாங்க. நீங்க எதிர்ல நின்னீங்க. சிற்றரசருக்குப் பயம் முந்தியே வந்திருக்கும், அதனால எனக்கு முந்தியே உங்களுக்குத் தொடங்கியிருக்கும். அந்தப் பேரை மட்டும் சொல்லுங்க."

"தெரிஞ்சா?" என்றேன் நான்.

"சங்கத்தைக் கூட்டுவேன். என் தலைமுறை அந்தப் பேருக்கு மாறிடுச்சுன்னு முன்னோர் பேர் எழுதின பலகைகள் முன்னால சொல்வேன். நானூறு குடும்பமும் திட்டும், திட்டட்டும். அவன் சொந்தப் பேர்ல நான் நிப்பேன், அவனுக்கு அது அவமானம் இல்ல. பிள்ளைங்க கல்யாணம் பண்ணிக்கட்டும். நிக்க ஒரு பேர் வேணும்மா. பேரே இல்லாம நான் எங்க போய் நிக்கிறது?"

"வேற யாரையாவது உட்கார வச்சுப் பார்க்கலாமே? உங்க தம்பி..."

"நீங்கதானே சொன்னீங்க. அதே நாள்தானே வரும்? அதே கண்ணு, அதே குதிரைக்காரா."

உண்மைதான். பொண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்ட நாள், அம்மா தூங்க வைத்த நாள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாள் எதையும் முன்கண் பிடிக்காது.

அமுதா வாயைத் திறந்தாள். அவள் பார்த்ததை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. என் இயந்திரத்தில் எந்தப் பதிவும் கிடையாது. எதையாவது சொல்லேன்டி! தான், லிம், ஊய், வாயில் வருகிற ஒரு சீனப் பெயர். இந்த மனுஷர் அதைக் கும்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார், வெளியே இருக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். இத்தனையையும் கண்ணாலேயே அவளிடம் கெஞ்சினேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் கெஞ்சுவது அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

"தெரியல தவுக்கே" என்றாள்.

அவர் தலையாட்டினார். எழுந்து என் மேசையிலிருந்த ஊதுபத்திக் கட்டை எடுத்துக்கொண்டார். என்னிடம் நன்றி வேறு சொன்னார். கதவைத் திறந்து கூடத்துக்குப் போய் மகன் தோளில் கை வைத்தார். வெய் ஜியே அப்பாவின் முகத்தைப் பார்த்தான், கவின்மலரைப் பார்த்தான். அப்பா கீழே விழுந்துவிடப் போகிறார் என்று பயந்தவன் மாதிரி அவரை இடுப்போடு பிடித்துக்கொண்டு படி இறங்கினான். படி வளைவில் ஒரு தடவை திரும்பினான். அழுதுகொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் கார் பினாங்குப் பாலத்தைத் தாண்டியது. நடந்ததை நான்தான் கவின்மலருக்குச் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் கேவலமாகத்தான் இருந்தது. பின் இருக்கையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோபம்கூட இல்லாத குரலில் கேட்டாள்.

"ஒரு பேரு சொல்லியிருக்கலாமேம்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

"அப்புறம் ஏம்மா?"

அமுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்தச் சிற்றரசரு ரூம்ல மந்திரி ஒருத்தரு இருந்தாருடி. 'லாயத்துல ஒருத்தன் இருக்கான், உங்க ஒசரம், உங்க தாடி, அவனையே நிறுத்திடலாம். அவன் பேரு...'ன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. சொல்ல விடல. கைய மேல தூக்கி, 'வேணாம், பேரு தெரிஞ்சா என்னால அனுப்ப முடியாது'ன்னுட்டாரு சிற்றரசரு. அதத் தவுக்கேகிட்ட எப்படிச் சொல்றது? அந்த ஆளுக்கு ஒரு பொய்ப் பேரக் குடுத்துத்தான் கொன்னுச்சு இந்தக் கை. அதே ஆளுக்கு இன்னொரு பொய்ப் பேர நான் வைக்கவா?"

"அது அவரு கைதானேம்மா" என்றாள் கவின்மலர். "உன் கையா?"

கண்ணாடியில் பார்த்தேன். அமுதா வலது கையை இடது கையால் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.